சாய்ந்த தென்னைகளின் திசை வேண்டும், டெல்டா நண்பர்களே உதவுங்கள்

புயல் கரை கடந்து வலுவிழந்த பிறகும் அதன் மழைப்பட்டைகளில் (புயலைச் சுற்றி வளைந்து நீளும் மழைமேக வரிசைகள்) சுழற்காற்று (டொர்னாடோ) கிளம்பலாம். 2004-இல் ஐவன் சூறாவளி அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டவற்றைக் கிளப்பியது.

நம் பக்கமும் அப்படிக் கிளம்பியதா என்று மரம் சாய்ந்த திசையை வைத்துப் பார்க்க வேண்டும். வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் குறுகலான பட்டையாகத் தோப்பு சாய்ந்திருந்தால், ரம்பம் வைக்கும் முன் அளந்து அனுப்புங்கள். வேரடியில் நின்று, கொண்டையை நோக்கி போன் திசைகாட்டியைப் பிடித்து டிகிரியைக் குறியுங்கள். பைக், கம்பிவேலி பக்கத்தில் வைத்தால் தப்பாகக் காட்டும். பட்டைக்குக் குறுக்கே நடந்து 20 மரமாவது வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் என்றால் நேர்க்காற்று. இரு ஓரமும் நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தால் சுழற்காற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். புயலின் கண் கடந்த ஊரில் காற்று திசை மாறி அடிக்கும், அதனால் எந்த மரம் எதன் மேல் கிடக்கிறது என்பதும் அவசியம்.

ஊறிய மண்ணில் வேரோடு சாய்ந்ததை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்க முடியாது. நடுவில் முறிந்த மரம்தான் முக்கியம், முறிந்த உயரத்தோடு. மின்கம்பி அறுந்து கிடந்தால் தோப்புக்குள் போகவே வேண்டாம்.