கேம்பர் பின் சீட்டைக் கழற்றிவிட்டு சாமான் வைக்க பிளாட்பார்ம்: நாமே செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?

காவேரிப்பட்டணம் மோட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் வேலை பார்க்கிறேன். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, மத்தூர் பக்கம்தான் அதிகம், மாதத்தில் நாலைந்து தடவை அஞ்செட்டி வரைக்கும் போக வேண்டியிருக்கும். வண்டி பொலிரோ கேம்பர், நாலு கதவு பிக்கப். பின்னால் தொட்டியில் மோட்டார் தூக்கும் முக்காலி, செயின் பிளாக், பைப், கழற்றிய மோட்டார் எல்லாம் ஏறிவிடும். பிரச்சினை நனையக்கூடாத சாமான்கள்தான். மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்), கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், கேபிள் ஜாயின்ட் சாமான், கான்டாக்டர், ரிலே, கெபாசிட்டர் என்று எல்லாம் பின் சீட்டில் தக்காளி கிரேட்டில்தான் போகிறது. சீட் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் கிரேட் ஒரு நாளும் நேராக உட்காராது, பிரேக் அடித்தால் எல்லாம் கீழே கொட்டிவிடும்.

போன மாதம் அஞ்செட்டி இறக்கத்தில் மாடு குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தினேன். பின்னால் இருந்த 24 இன்ச் பைப் ரிஞ்ச் என் சீட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்து கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் நின்றது. இன்னும் நாலு விரல்கடை நகர்ந்திருந்தால் பெடலுக்கு அடியில் போயிருக்கும். அன்றைக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

பின் சீட்டைக் கழற்றிவிட்டு சமமாக ஒரு பிளாட்பார்ம், கீழே இரண்டு டிராயர், இதுதான் வேண்டும். பெங்களூரில் ஒரு கடையில் கேட்டேன், அலுமினியத்தில் டிராயரோடு 38,000 ரூபாய் என்றார்கள். ஆனால் அது வேறு பிக்கப்புக்கு அளவெடுத்தது, "உங்கள் வண்டிக்கு அட்ஜஸ்ட் பண்ணித் தருகிறோம்" என்கிறார்கள். அந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தைதான் பயமாக இருக்கிறது. என்னிடம் டிரில், கிரைண்டர் இருக்கிறது, வெல்டிங் பட்டறை வைத்த நண்பரும் இருக்கிறார். வாங்குவதா, செய்வதா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் சோலார்:

அண்ணா, நானே செய்தேன், இரண்டு வருடமாக ஓடுகிறது. சோலார் பேனல் ஃபிட்டிங் வேலை, எனக்கும் கேம்பர்தான். மொத்தச் செலவு எட்டாயிரத்துச் சொச்சம். மரைன் பிளை 12 எம்எம் ஒரு ஷீட், ஒரு இன்ச் ஜிஐ ஸ்கொயர் பைப் 16 கேஜ் இரண்டு லெங்த், போல்ட்டு நட்டு, வெல்டிங் கூலி. டிராயர் மட்டும் நானே செய்யாமல் டிராயர் வழுக்கி ஓடும் நல்ல பால் பேரிங் சேனல் வாங்கிப் போட்டேன். அதில் காசு பார்க்காதீர்கள், மலிவு சேனல் மண்ணும் தூசியும் பட்டால் மூன்று மாதத்தில் சிக்கிக்கொள்ளும்.

முதலில் சீட்டைக் கழற்றுங்கள், தரையைத் துடையுங்கள், பெரிய அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டு வெட்டி வெட்டி அளவு பாருங்கள். தரை சமமாகவே இருக்காது. கால் வைக்கும் இடம் பள்ளம், சீட் உட்காரும் இடம் மேடு, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு எழுச்சி. டேப் மட்டும் வைத்து அளந்து பைப் வெட்டினால் நாலு காலில் மூன்றுதான் தரையைத் தொடும். எனக்கு அட்டைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, ஆனால் ஃபிரேம் முதல் தடவையிலேயே பொருந்தியது.

தரையில் புதிதாக ஓட்டை போடவே போடாதீர்கள். கீழே டீசல் லைன், பிரேக் லைன், ஒயரிங் எல்லாம் ஓடுகிறது, ஓட்டையில் தண்ணீர் ஏறித் துருவும் பிடிக்கும். சீட்டைப் பிடித்திருந்த அதே கம்பெனி ஓட்டைகளில்தான் ஃபிரேமைப் பூட்ட வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு அடி விழுந்தது. சீட் பெல்ட் பக்கிளைப் பிடித்திருந்த போல்ட்டு ஒன்று தொலைந்துவிட்டது. வேலைக்கு விட்ட பட்டறையில் இருந்த பையன் கைக்குக் கிடைத்த 12 எம்எம் போல்ட்டை வைத்து இம்பாக்ட் கன்னில் ஏற்றிவிட்டான். பல வண்டிகளில் பெல்ட் போல்ட்டு 7/16 இன்ச் நூல், எம்எம் போல்ட்டு அதில் ஏறவே கூடாது. பாடியோடு ஒட்டியிருக்கும் நட்டின் நூல் முழுக்க நாசமாகி, அதைச் சரி செய்யத் தரையை அடியிலிருந்து திறக்க வேண்டியதாகிவிட்டது. பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே நூல், அதே கிரேடு பார்த்து வாங்குங்கள். முதல் ஐந்து சுற்று கையாலேயே திருகுங்கள், கையால் போகவில்லை என்றால் நூல் தப்பு.

அப்புறம் சத்தம். ஃபிரேம் தரையைத் தொடும் இடமெல்லாம் பழைய லாரி டியூபை வெட்டி வைத்தேன். வைக்காமல் ஓட்டிய ஒரு வாரம் பென்னாகரம் ரோட்டில் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்:

பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சில விஷயம்.

38,000 கொடுத்து வாங்குவதில் தப்பில்லை, ஆனால் உங்கள் வண்டிக்கென்றே ஜிக் (அளவு அச்சு) போட்டுச் செய்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் டொயோட்டா டகோமா, ஜீப் கிளாடியேட்டர் மாதிரி வண்டிகளுக்குப் பின் சீட்டை எடுத்துவிட்டு அதே போல்ட்டு ஓட்டையில் பூட்டும் தட்டு ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஒரே மாடல் வண்டி லட்சக்கணக்கில் ஓடுவதால் ஒரு தடவை அளவெடுத்தால் போதும், அதுதான் அங்கே கணக்கு. கேம்பருக்கு அப்படி அளவெடுத்துச் செய்தது என் கண்ணில் பட்டதில்லை. வேறு வண்டிக்கான தட்டை அட்ஜஸ்ட் செய்வதென்றால் கடைசியில் உங்கள் தரையில்தான் ஓட்டை விழும். அதனால் என் ஓட்டு செய்வதற்குத்தான்.

எடையைப் பாருங்கள். 18 எம்எம் பிளை எட்டுக்கு நாலு ஷீட் 30 கிலோவைத் தாண்டும். உங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது, அதுவும் ஒரு அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி கொடுத்தால் 12 எம்எம் தாராளம். ஒரு இன்ச் 16 கேஜ் பைப் மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம்தான். பிளையின் வெட்டு ஓரங்களுக்குக் கட்டாயம் பெயின்ட் அடியுங்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும்.

வெல்டிங் வண்டிக்குள் வேண்டவே வேண்டாம். வெளியே வைத்து அடித்து, பூட்டிப் பார்த்து, திரும்ப வெளியே எடுத்து முடியுங்கள். ஜிஐ பைப் என்றால் அடிக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும், பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், அதை நம்பாதீர்கள். அடித்து முடித்ததும் அந்த இடத்தில் ஜிங்க் பிரைமர்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மேலே வைக்கும் சாமானைக் கட்டுவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டி முட்டி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் சாமானுக்கு அது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நாலு மாடி மேலேயிருந்து உங்கள் பைப் ரிஞ்ச் தலையில் விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆணி அடித்த கொக்கியெல்லாம் இதற்கு ஆகாது, பிளையில் மரத்திருகு போட்டு மாட்டிய வளையமும் பிய்த்துக்கொண்டு வரும். வளையத்தை ஃபிரேம் பைப்போடு போல்ட்டு போட்டுப் பூட்டுங்கள். பெல்ட் பூட்டும் இடங்கள் ஆளையே தாங்கச் செய்தவை, ஃபிரேமின் இரண்டு மூலையாவது அங்கே பிடிக்க வேண்டும். முன் சீட் முதுகுக்கும் பிளாட்பார்முக்கும் நடுவில் வெல்ட் மெஷ் (கம்பி வலை) ஒன்று. டிராயருக்குப் பூட்டு, அதுவும் ஓடும்போது திறக்காத மாதிரி.

தருமபுரி எஃப்சி:

சரி, செய்துவிட்டீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் என்ன சொல்வீர்கள்?

ஆர்சி புத்தகத்தில் எத்தனை சீட் என்று எழுதியிருக்கிறது. சீட்டை எடுத்தால் அது மாறிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. உங்கள் வண்டி சரக்கு வண்டி, எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), அதற்கு மேல் வருடா வருடம். எஃப்சிக்குப் போகும்போது சீட் இருந்தே ஆக வேண்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பார்.

வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ ஆபீஸுக்கு நேரில் போய் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு வழி, சீட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே உட்காரும் மாதிரி ஒரு தட்டு, பெல்ட் பக்கிள்களிலேயே இழுத்துக் கட்டுவது. டிராயர் கிடைக்காது, ஆனால் வண்டியில் எதையும் கழற்றவில்லை.

இன்னொன்று. பிளாட்பார்ம் போட்ட பிறகு அதன் மேல் ஆளை ஏற்றாதீர்கள். "பக்கத்தில்தானே, தோட்டம் வரைக்கும்தானே" என்று உதவிக்கு வரும் பையன் ஏறி உட்காருவான். பெல்ட் கிடையாது, முதுகுக்குச் சாய்வு கிடையாது. தொப்பூர் கணவாயில் நான் பார்த்தவை போதும்.

காவேரிப்பட்டணம் மோட்டார்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெங்களூர்க் கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உதவிக்கு வரும் பையனைப் பற்றி எழுதியது மனதில் பட்டது. அவன் முன் சீட்டில்தான் வருகிறான், ஆனால் தொட்டியில் மோட்டார் ஏற்றும் நாளில் இன்னொருவனும் கூட வருவான். அந்த நாளில் அவனை பைக்கில் வரச் சொல்லி பெட்ரோல் காசு கொடுத்துவிடுகிறேன்.

கிருஷ்ணகிரி ஆபீஸில் நாளை போய்க் கேட்கிறேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சீட் மேல் உட்காரும் தட்டுதான். ஒரு விதத்தில் அதுவே எனக்குச் சரியாக இருக்கும் போல, ஆடிப்பெருக்குக்கு அம்மாவை ஒகேனக்கல் கூட்டிப்போகும்போது தட்டை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டால் போதும்.

பென்னாகரம் தம்பி, ஒரு சந்தேகம். நீங்கள் கழற்றிய சீட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எங்கள் ஷெட்டில் எலித் தொல்லை.

பென்னாகரம் சோலார்:

தரையில் வைக்காதீர்கள் அண்ணா. தார்ப்பாயில் சுற்றி, ஷெட் உத்திரத்தில் இரண்டு கயிறு போட்டுத் தொங்க விட்டிருக்கிறேன், சுவரைத் தொடாமல். கயிற்றின் நடுவில் பழைய தட்டு ஒன்றை ஓட்டை போட்டுக் கோத்திருக்கிறேன், எலி இறங்கி வந்தால் அங்கேயே நின்றுவிடும். சீட் போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அந்தச் சீட்டிலேயே கட்டி வையுங்கள்.