4ஜி காட்டியது, கோல் போகவில்லை

முத்தையன்கட்டு:
போன மாரியில் நடந்தது, இன்னும் மனதுக்குள் கிடந்து அரிக்கிறது. எங்கள் வளவில் 4ஜி ஒரு கோடு வரும், போகும். அது விழாமல் இருக்கட்டும் என்று *#*#4636#*#* அடித்துப் போனின் மறைவான மெனுவைத் திறந்து, 'எல்டிஇ ஒன்லி', அதாவது 4ஜி மட்டும் என்று நானே மாற்றி வைத்திருந்தேன். வீடியோ நிற்காமல் ஓடியது, சந்தோசம்தான்.

அன்றிரவு அப்பா கூப்பிட்ட சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குசினி வாசற்படியில் இருந்து குதிக்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறார். கீழே விழுந்து கிடந்த டோர்ச்சின் வெளிச்சம் அந்தக் காலில் மட்டும். கையை விலக்கினார், இரண்டு பல் தடம். அம்புலன்சுக்கு 1990 அடித்தேன். அடித்த உடனே கட்டானது. திரும்பவும் அப்படியே. மேலே 4ஜி என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் முல்லைத்தீவில் இருக்கும் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் எடுத்து, அவள்தான் அம்புலன்சுக்குச் சொன்னாள். அப்பா தப்பிவிட்டார். 4ஜியிலேயே கோல் போக வோல்டிஇ வேண்டும், இல்லாவிட்டால் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கித்தான் கோல் எடுக்கும் என்று பிறகுதான் விளங்கியது. இறங்கும் வழியை நானே பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

வற்றாப்பளை:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. சில வருசத்துக்கு முந்தி, எங்கள் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் இரவு. கனடாவில் அக்கா, பொங்குவதைக் காட்டு என்று காத்திருக்கிறாள். சிக்னல் முழுக் கோடு, டேட்டா அசையவே இல்லை. டவர் பக்கத்தில்தான், ஆனால் வந்த சனம் முழுக்க ஒரே நேரத்தில் அதைப் பிடித்தால் அது என்ன செய்யும்? 4ஜியை விட்டு 3ஜிக்கு மாற்றினேன், அதில் நெரிசல் குறைவு போல. படம் கலங்கல். ஆனால் "அம்மாளாச்சி" என்று அவள் அழுதது வடிவாகக் கேட்டது.

நெடுங்கேணி:
முத்தையன்கட்டு அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அந்த மெனுவுக்குள் போனதுதான் பிழை. நானும் யானைக் காவலுக்கு வயல் கொட்டிலில் கிடந்து அவதிப்பட்டவன். சிக்னல் தேடித் தேடியே விடியமுன் பற்றறி செத்துப்போனது. அதனால் சொல்கிறேன். சிம் செட்டிங்சில் நெட்வேர்க் வகையை 4ஜி, 3ஜி, 2ஜி எல்லாம் சேர்ந்த தானியங்கியில் விடுங்கோ. வோல்டிஇ சுவிட்ச் இருந்தால் போடுங்கோ. சிக்னல் கோடுகளை நம்பாதேங்கோ, செட்டிங்சில் சிம் நிலைப் பக்கத்தில் டிபிஎம் என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். கழித்தல் 85 என்றால் நல்லது, கழித்தல் 115 என்றால் பேச்சு அறுந்து போகலாம். இரண்டு சிம் போடுகிறவர்கள் இரண்டு வேறு கம்பனிச் சிம்மாகப் போடுங்கோ, ஒன்றின் டவர் படுத்தாலும் மற்றது நிற்கும். டேட்டா இழுக்காவிட்டால் ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பத்து எண்ணி எடுங்கோ, போன் டவரைப் புதிதாகப் பிடிக்கும். அதுவும் சரிவராவிட்டால் நெட்வேர்க் செட்டிங்சை ரீசெட் பண்ணுங்கோ.

மல்லாவி:
ரீசெட்டை இவ்வளவு லேசாகச் சொல்லாதேங்கோ. ஒரு கடைப் பெடியன் எனக்கு அதைத்தான் செய்து தந்தான். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் எல்லாம் போய்விட்டது. டேட்டா வரப் போனில் இருக்கவேண்டிய கம்பனி செட்டிங்சான ஏபிஎன்னும் அழிந்து, மகள் ஒன்லைன் வகுப்பு நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். ஏபிஎன்னைக் கையால் அடித்த பிறகுதான் டேட்டா வந்தது. ரீசெட் பண்ண முதல் ஏபிஎன் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ.

முத்தையன்கட்டு:
நெடுங்கேணித் தம்பி, குறை ஒன்றும் இல்லை. தானியங்கிக்கு அடுத்த நாளே மாற்றிவிட்டேன். வோல்டிஇ சுவிட்ச் என் பழைய போனில் இல்லை. வீடியோ நின்று நின்றுதான் ஓடுகிறது, ஓடட்டும். இருட்டினால் அப்பா கிணற்றடிக்குப் போக முதல் தங்கச்சிக்கு ஒரு மிஸ்ட் கோல் அடித்துப் பார்க்கிறேன். மணி போன பிறகுதான் அவரை விடுகிறேன்.