"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்"

ஓய்வுபெற்ற சிஸ்டர், டர்பன்:

2008 ஆகஸ்ட் மாதம். இங்கே தென்னாப்பிரிக்காவில், அரசு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் வார்டில் இருந்தேன். எங்கள் தளத்தில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் பாட்டி வளர்த்த தமிழ். வயதான ஆயாக்கள், அதாவது பாட்டிமார், அட்மிட் ஆனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பிறந்த ஓர் ஆயா, எண்பது தாண்டியவர். கண்ணெல்லாம் மஞ்சள். ஸ்கேன் எடுத்ததில் கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. மறுநாள் டாக்டர் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். அன்று மாலை மூத்த மகன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"சிஸ்டர், நீங்களும் நம்ம ஆளு. டாக்டர் என்ன வேணா சொல்லட்டும், நீங்க பித்தக்கல்லுன்னு சொல்லிடுங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னை உறுத்தியது. யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதால்தானே நான் அதைச் செய்யக் கூடாது? டாக்டர் வாயில் இல்லாத சொல்லை நான் வைத்தால், அந்த அம்மாவுக்கு அதைச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது.

நம் நாட்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 2003, ஆறாவது பிரிவு இதைப் பற்றியதுதான். உடல்நிலையை நோயாளியிடமே சொல்ல வேண்டும், முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில். சொன்னால் அவருக்கே கேடு என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால் விலக்கு உண்டு. மகனின் பயத்தை அந்த ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக நானே போய் உடைத்துச் சொல்லவும் முடியாது, அது டாக்டரின் வேலை. ரவுண்டுக்கு முன்பே நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்போம் என்றார் அவர்.

கேட்டேன். "ஆயா, டாக்டருக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்ககிட்ட சொல்லலாமா, மகன்கிட்ட சொன்னா போதுமா?"

"அதெல்லாம் அவன்கிட்ட சொல்லுங்க. புரட்டாசிக்கு வீட்ல இருப்பேனான்னு மட்டும் கேட்டுச் சொல்லு கண்ணு."

காத்திருக்க வேண்டாம், இப்போதே வீட்டுக்குப் போகட்டும் என்றார் டாக்டர். சொல் மாறாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஆயா, "கல்லா?" என்றார். "கல் இல்லை ஆயா" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கால்மாட்டில் நின்ற மகனுக்கும் அது கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வியாழக்கிழமை மார்ஃபின் சிரப்போடு வீட்டுக்கு அனுப்பினோம்.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு. தாழ்வாரத்தில் அவர் கேட்டபோது "பார்க்கலாம் அண்ணே" என்று மழுப்பிவிட்டேன். முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

கிளினிக் நர்ஸ், ஃபீனிக்ஸ் (டர்பன்):

எனக்கு நடந்தது இதற்கு நேரெதிர். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது, பழக்கமான ஓர் அக்கா காதருகே வந்து, "என் மக உங்க கிளினிக்குக்கு வந்தாளாமே, எதுக்கு?" என்றார். பெண்ணுக்குப் பதினாறு வயது. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி பன்னிரண்டு வயது முடிந்தவர் கருத்தடை கேட்டு வந்தால் அதை ரகசியமாக வைக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னாலே விஷயம் வெளியே வந்துவிடுமே! "யார் வந்தாங்கன்னு யாருக்கும் சொல்றதில்லை அக்கா, உங்களைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்" என்றேன்.

இது எல்லோருக்கும் எப்போதும் ஒரே பதிலாக இருக்க வேண்டும். வராதவர்களுக்கு மட்டும் "வரலையே" என்று சொல்லிப் பழகிவிட்டால், மற்றவர்களைப் பற்றி வாயை மூடுவதே "வந்தாங்க" என்று ஆகிவிடும். அந்த அக்கா இரண்டு வருடமாக என்னிடம் பேசுவதில்லை. சரி, என்ன செய்வது.

ஒரு மகன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

நானும் அந்த அண்ணன் மாதிரிதான். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் கேட்டேன். "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பயங்கரக் கோபம் வந்தது. அப்பா கடைசி வரை கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தாரோ என்று இன்றும் யோசிப்பேன். சிஸ்டர், ஆயா புரட்டாசி பார்த்தாரா?

ஓய்வுபெற்ற சிஸ்டர், டர்பன்:

முதல் சனிக்கிழமை பார்த்தார். மகன்தான் வார்டுக்குப் போன் செய்து சொன்னார்.