அம்பு பட்டும் வான்கோழி தப்பிடுது, உதவுங்க

ஹில்கன்ட்ரி_புதுசு:
டெக்சஸ்ல வில் வேட்டை, ரியோ கிராண்டே வகைக் காட்டு வான்கோழிச் சேவல். அம்பு விட்ட இடத்துல இறகு கொத்தா கிடக்கு, ரத்தமே இல்ல, ஆளைக் காணோம். ரெண்டாவது தடவை. வில்லோட இழுவிசை 60 பவுண்டு. சீசன் முடியப் போகுது, அவசரம்.

நாணொலி:
எத்தனை கஜம்? பக்கவாட்டா நின்னுச்சா? தோகை விரிச்சிருந்துச்சா? நிலையான முனையா, பட்டதும் பிளேடு விரியுற முனையா? அம்புல என்ன ஒட்டியிருந்துச்சு?

எழுபது:
இழுவிசை பத்தாது. 70க்கு ஏத்துங்க.

பழையகை:
45 பவுண்டே தாராளம். தம்பி, பறவையோட உடம்பு தெரியாம வில்லைத் தூக்கக் கூடாது. மானுக்கு வைக்கிற மாதிரி முன்னாடி தாழ வச்சா நெஞ்சுக்கறியிலதான் ஏறும். இதயமும் நுரையீரலும் சேர்ந்தே ஒரு ஆரஞ்சு அளவுதான். பக்கவாட்டுல நின்னா காலுக்கு நேர் மேலே, உடம்போட நடு உயரம். தோகை விரிச்சு முதுகு காட்டினா தோகையோட அடி. தோகை விரிச்ச சேவல்ல பாதி வெறும் இறகு.

தலைவெட்டி:
கழுத்துக்கு வைங்க. 4 அங்குல கில்லட்டின் முனை, அதாவது தலையை வெட்டுற நீள பிளேடு வச்ச அம்பு முனை. பட்டா அங்கேயே விழும், தவறினா பெரும்பாலும் காயமே இல்ல.

நாணொலி:
அதுக்கு நீள அம்பு வேணும், இல்லன்னா பிளேடு வில்லுல இடிக்கும். தூரம் கூடினா அலைபாயும். தலையோ ஒரு நொடி நிக்காது. புதுசா வர்றவருக்கு வேணாம்.

தலைவெட்டி:
சேவலை இழுக்குற வான்கோழி பொம்மையைக் கிட்ட நட்டா தலை நிக்கும். உடம்புக்கு வச்சுத்தான் பாதிப் பறவை காயத்தோட போகுது.

பழையகை:
இடம் தெரிஞ்சு வச்சா போகாது.

ஹில்கன்ட்ரி_புதுசு:
12 கஜம், பக்கவாட்டு, 2 அங்குலம் விரியுற முனை. அம்பு சுத்தமா இருந்துச்சு. மறைஞ்சு உட்கார்ற வேட்டைக் கூடாரத்தோட ஜன்னல் வலை (மெஷ்) வழியாத்தான் விட்டேன்.

நாணொலி:
அதுதாங்க! மெஷ்ல பட்டதுமே பிளேடு விரிஞ்சு அம்பு திசை மாறிடும். மெஷ்ஷைக் கழட்டுங்க. அப்போ பறவைக்கு நீங்க தெரியாம இருக்க, உள்ளே கருப்புச் சட்டை போடுங்க, முதுகுப்பக்க ஜன்னல் எல்லாம் மூடியிருக்கணும். மெஷ் கட்டாயம்னா நிலையான முனை.

ஜேக் (இளஞ்சேவல்) பொம்மையை 7 கஜத்துல, முகம் கூடாரத்தைப் பார்க்க நடுங்க. சேவல் அதோட முகத்துக்கு நேரா வந்து நிக்கும், முதுகு உங்க பக்கம். தோகை தலையை மறைக்கிற நேரம் நாணை இழுங்க. வில்லுல 20 கஜத்துக்கு வச்ச குறி ஊசியை (பின்) அவ்வளவு கிட்ட இருக்கிற பறவை மேல வச்சா அம்பு தாழ இறங்கும், முதல்ல அந்த தூரத்துல விட்டுப் பாருங்க.

முதல்ல போய்த் தேடுங்க. அம்பு சுத்தம்னாலும் விட்டுடாதீங்க. ரத்தத்தை இறகு உறிஞ்சிடும், புதருக்கடியில பதுங்கியிருக்கும்.

ஹில்கன்ட்ரி_புதுசு:
தேடிட்டேன், கிடைக்கல. மெஷ்ஷைக் கழட்டியாச்சு. நன்றிங்க.

நாணொலி:
7 கஜத்துல விட்டுப் பார்த்தீங்களா? எவ்வளவு தாழ இறங்குச்சு?