டிம்மரைக் குறைத்தால் பல்பு அணையாமல் முழுசாக எரிகிறது: அர்டுயினோ, டிரையாக் சந்தேகம்

கேள்வி:
அர்டுயினோ ஊனோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு) வைத்து வீட்டு 230 வோல்ட் லைனில் பல்பின் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு டிம்மர் செய்துகொண்டிருக்கிறேன். மெயின்ஸ் வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தை (ஜீரோ கிராசிங்) பார்க்க எச்11ஏஏ1 ஆப்டோகப்ளர், பல்புக்கு எலக்ட்ரானிக் சுவிட்சாக டிரையாக் பிடி136, அதை ஆன் செய்யும் கேட் முனைக்கு எம்ஓசி3021. எச்11ஏஏ1-இன் மெயின்ஸ் பக்கம் இரண்டு 33 கே கால் வாட் ரெசிஸ்டர்கள் தொடராக. வெளியீட்டில் 10 கே புல்-அப் (5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டு ஊனோவின் 2-ஆம் பின்னுக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் இப்போதைக்கு பிரெட்போர்டில்.

கோடில் ஃபாலிங் இன்டரப்ட், அதாவது 2-ஆம் பின் ஹையிலிருந்து லோவுக்கு இறங்கும்போது (ஃபாலிங் எட்ஜ்) தானாக ஓடும் ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே டிலே மைக்ரோசெகண்ட்ஸ் கொடுத்து, கேட் பின்னை 50 மைக்ரோ செகண்ட் ஹை செய்துவிட்டு லோ ஆக்குகிறேன். குமிழின் (பாட்) மதிப்பை லூப்பில் படித்து, மேப் போட்டு 100 முதல் 9800 மைக்ரோ செகண்ட் வரை அந்த டிலேவாக மாற்றுகிறேன்.

குமிழைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் அழகாகக் குறைகிறது. கடைசிக்குச் சற்று முன்னால் படபடவென்று துடிக்கிறது. இன்னும் திருப்பினால் அணைவதற்குப் பதில் பளிச்சென்று முழு வெளிச்சம்! டிரையாக்கை மாற்றியும் அதே கதைதான். நடுவில் வைத்திருந்தாலும் எப்போதாவது ஒரு வெட்டு வெட்டுகிறது, மிக்சி ஓடும்போது இன்னும் அதிகம். எங்கே பார்ப்பது?

பதில்:
சிப்பின் மேல் 3021 என்றுதான் இருக்கிறதா? கடையில் 3041-ஐ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள்ளேயே ஜீரோ கிராசிங் சர்க்யூட் இருப்பதால் டிம் ஆகாது. பல்பு எந்த வகை?

கேட்டவர்:
3021தான் அண்ணா, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல்பு பழைய 60 வாட் குண்டு பல்பு.

பதில்:
அப்படியென்றால் பாகங்களில் குறை இல்லை. 3041 என்றால் நடுவிலும் சரியாகக் குறைந்திருக்காது. உங்கள் விஷயம் நேரக் கணக்கு.

50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி செகண்ட். ஆனால் எச்11ஏஏ1 உண்மையான ஜீரோவில் எட்ஜ் தராது. 66 கே வழியாக உள்ளே இருக்கும் எல்இடிக்கு ஒரு மில்லி ஆம்பியர் கிடைக்க மெயின்ஸ் 67 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். உச்சம் 325 வோல்ட் என்பதால், அந்த இடம் ஜீரோவிலிருந்து சுமார் 0.6 மில்லி செகண்ட் தள்ளி இருக்கும். சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் மாறும். ரைசிங் எட்ஜ் (லோவிலிருந்து ஹைக்கு ஏறுவது) ஜீரோவுக்கு முன்னால், ஃபாலிங் எட்ஜ் ஜீரோவுக்குப் பின்னால்.

நீங்கள் ஃபாலிங் எடுத்திருக்கிறீர்கள். 0.6 உடன் 9.8-ஐக் கூட்டுங்கள், 10.4. கேட் பல்ஸ் அடுத்த அரைச் சுற்றின் தொடக்கத்தில் போய் விழுகிறது. டிரையாக் ஒருமுறை ஆன் ஆனால் அடுத்த ஜீரோ வரை விடாது, அதனால் முழு வெளிச்சம். டிலே 9.4 பக்கம் வரும்போது பாட் மதிப்பு லேசாக ஆடினால் ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம். துடிப்பு அதுதான்.

மேல் வரம்பு 9800-ஐ 8500 ஆக்குங்கள். வெளிச்சத்தில் எதுவும் குறையாது. ஜீரோவிலிருந்து 8.5 மில்லி செகண்ட் கழித்து ஆன் செய்தாலே பல்புக்குப் போவது முழு பவரில் சுமார் 2 சதவீதம்தான், குண்டு பல்பு இழை அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியாது. முழுசாக அணைக்க வேண்டுமென்றால் பல்ஸே கொடுக்காமல் விடுங்கள்.

வேறொருவர்:
நடுவில் வெட்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. டிலே மதிப்பு இரண்டு பைட், ஊனோவோ 8 பிட். லூப் ஒரு பைட்டை எழுதி முடித்து அடுத்ததை எழுதுவதற்குள் இன்டரப்ட் வந்தால் பாதி பழசு, பாதி புதுசு. 255-இலிருந்து 256-க்கு மாறும் நேரத்தில் 0 என்றோ 511 என்றோ படித்துவிடலாம். எழுதும் அந்த ஒரு வரிக்கு முன்னால் நோ இன்டரப்ட்ஸ் (இன்டரப்டை நிறுத்த), பின்னால் இன்டரப்ட்ஸ் (மறுபடி அனுமதிக்க) போடுங்கள். வேரியபிள் வோலடைலாக (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படிக்கும்படி) இருக்கட்டும்.

மிக்சி நாய்ஸால் பொய் எட்ஜ் வரும். முந்தைய எட்ஜிலிருந்து 8 மில்லி செகண்டுக்குள் வருவதை ஒதுக்கச் சொல்லலாம்தான், ஆனால் இப்போதுள்ள கோடில் அதற்கு மைக்ரோஸை (ஓடிய நேரத்தைச் சொல்லும் ஃபங்ஷன்) நம்ப முடியாது. இன்டரப்டுக்குள் 9 மில்லி செகண்ட் வரை உட்கார்ந்திருந்தால் நேரத்தை எண்ணும் டைமர்0-வின் ஓவர்ஃப்ளோக்கள் (எண்ணி முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்புவது) தவறிப்போகும், கடிகாரமே பின்தங்கும். முதலில் அந்த டிலேவைத் தூக்குங்கள். டைமர்1-ஐ 256 பிரீஸ்கேலரில் (கிளாக்கை 256-ஆல் வகுத்து) ஓட்டினால் ஒரு எண்ணிக்கை 16 மைக்ரோ செகண்ட், அரைச் சுற்றுக்கு 625. எட்ஜ் வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், எண்ணிக்கை குறித்த மதிப்பை எட்டியதும் வரும் கம்பேர் இன்டரப்ட் கேட்டைப் பார்த்துக்கொள்ளும். 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து பவரைக் குறைக்கும் முறை) கிடைக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்று தம்பி, பிரெட்போர்டில் 230 வோல்ட் வேண்டாம். பிடி136-இன் உலோக முதுகு, மெயின்ஸ் ஓடும் டி2 முனையோடு சேர்ந்தது, தொட்டால் ஷாக். லேப்டாப் யூஎஸ்பியை மாட்டிக்கொண்டே மெயின்ஸ் போடுவதையும் நிறுத்துங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 66 கே இருந்த இடத்தில் 4.7 கே, கேட் ரெசிஸ்டர் 100 ஓம். கோடு முழுவதையும் அதிலேயே சரிபார்த்துவிடலாம். மெயின்ஸுக்குத் திரும்பும்போது அந்த 33 கே இரண்டும் ஒரு வாட்டாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் 0.4 வாட் தின்கிறது, கால் வாட் தாங்காது.

கேட்டவர்:
ஆமாம் அண்ணா, ஒரு ரெசிஸ்டரின் வண்ணப் பட்டையே கருக ஆரம்பித்திருந்தது! 12 வோல்ட்டில் டைமர் வழியாக ஓட்டினேன். துடிப்பு இல்லை, மிக்சி போட்டாலும் அசையவில்லை. அப்புறம் வெரோபோர்டில் சால்டர் செய்து, மெயின்ஸ் பக்கத்துக்கும் ஊனோ பக்கத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு, மெயின்ஸில் போட்டேன். குண்டு பல்பு அருமை. 9 வாட் எல்இடி பல்பு மட்டும் கண் சிமிட்டுகிறது, அணைத்தாலும் மங்கலாக மினுங்குகிறது.

பதில்:
டிரையாக்குக்குக் குறுக்கே ஸ்னப்பர் (தொடராக ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்) போட்டிருக்கிறீர்களா? 10 நானோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாகவே 0.7 மில்லி ஆம்பியர் கசியும், எல்இடி மினுங்க அது போதும். குண்டு பல்புக்கு ஸ்னப்பர் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். சிமிட்டலுக்குக் கோடில் மருந்து இல்லை. பெட்டியில் டிம்மபிள் என்று அச்சடித்த பல்பாக வாங்குங்கள், இல்லையென்றால் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து பிடபிள்யூஎம்மில் ஓட்டுங்கள்.