எச்டிஆர் படம் மங்கலாகத் தெரிகிறது: வீட்டுத் திரைக்கு நானே காமா கர்வ் போட முடியுமா?

கேள்வி

வணக்கம். மாடி அறையில் 120 அங்குலத் திரை, கெயின் (திரை வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு) 1.0. ப்ரொஜெக்டர் லேம்ப் 1400 மணி நேரம் ஓடியிருக்கிறது. சாதாரண ப்ளூ-ரே போட்டால் படம் பிரமாதம். அதே படத்தின் 4கே எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமான) வட்டைப் போட்டால் யாரோ பாதி விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நேற்று ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பாட்டி கடிதம் படிக்கிறார். சாதாரண வட்டில் கன்னத்துச் சுருக்கம்வரை தெரிகிறது. எச்டிஆரில் முகம் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது, ஜன்னல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ப்ரொஜெக்டரின் எச்டிஆர் ஸ்லைடரை ஏற்றினால் முகம் வருகிறது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் வெள்ளையில் கரைந்துவிடுகிறது.

மெனுவில் 9 புள்ளி கஸ்டம் காமா இருக்கிறது, அதாவது எந்தச் சிக்னலுக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கர்வை நாமே நகர்த்தலாம். எந்தப் புள்ளியை எங்கே வைப்பது? லக்ஸ் மீட்டர் (திரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) கைவசம் உண்டு. முழு வெள்ளைப் படத்துக்குத் திரை நடுவில் 188 லக்ஸ் காட்டுகிறது.

பதில் 1

தம்பி, 188 என்று அளந்து சொன்னீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. லக்ஸைத் திரையின் கெயினால் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் நிட், அதாவது திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு. உங்களுக்கு 60 நிட் வருகிறது. திரைப் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர், அதாவது ப்ரொஜெக்டர் உண்மையில் தரும் மொத்த வெளிச்சம் 750 லூமென். பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் இதுதான் கணக்கு. வருத்தப்பட ஒன்றுமில்லை. டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கான தரமே 48 நிட்தான்.

அப்புறம் ஏன் மங்கல்? எச்டிஆர் வட்டுகள் பயன்படுத்தும், 2014-இல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட பிக்யூ முறையில், சிக்னலின் ஒவ்வோர் எண்ணும் குறிப்பிட்ட ஒரு நிட் அளவைச் சொல்கிறது, 10,000 நிட்வரை. 51% சிக்னல் என்றால் 100 நிட், 75% என்றால் 1000 நிட். உங்களிடம் இருப்பதோ 60. ப்ரொஜெக்டர் 1000 நிட்டை 60-க்குள் நேர்விகிதத்தில் அடக்கினால், 100 நிட்டில் இருக்கிற வெள்ளைச் சுவர் 6 நிட்டுக்கு வந்துவிடும். 40 நிட் முகம் 2.4 நிட். சாதாரண வட்டில் அதே சுவர் முழு 60-ஐயும் வாங்கிக்கொள்கிறது. பாட்டியின் முகம் சாம்பலானது இதனால்தான்.

ஆகவே கீழ்ப்பகுதியைத் தாராளமாக விட்டு, மேலே போகப் போக அழுத்த வேண்டும். டைனமிக் ஐரிஸை (காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைப்பது) அணையுங்கள். டைனமிக் ரேஞ்சை எஸ்டிஆர் (சாதாரண வட்டின் முறை) என்று கட்டாயப்படுத்துங்கள், கலர் ஸ்பேஸ் மட்டும் எச்டிஆர் வட்டின் நிற வரம்பான பிடி.2020-இலேயே இருக்கட்டும். அடிப்படை காமா 2.2. அந்த நிலையில் 51% சாம்பல் படத்துக்கு உங்கள் மீட்டர் 42 லக்ஸ் அளவில் காட்டும். அதை 94-க்கு ஏற்றுங்கள், அதாவது 30 நிட். 44%-இல் 60 லக்ஸ், 58%-இல் 132, 65%-இல் 160. 75%-இல் முழு 188-ஐத் தொட்டுவிட வேண்டும், அதற்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை. மெனுவின் 9 புள்ளிகள் இந்தச் சதவீதங்களில் சரியாக உட்காராது. பக்கத்துப் புள்ளிகளை மாற்றி மாற்றி நகர்த்தி, மீட்டர் சொல்லும்வரை வாருங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் புள்ளியில் கை வைக்கும் முன் எச்டிஎம்ஐ ரேஞ்ச் (கறுப்பிலிருந்து வெள்ளைவரை சிக்னல் எண்களின் எல்லை) இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ப்ளேயர் லிமிடெட், ப்ரொஜெக்டர் ஃபுல் என்று இருந்தால் கறுப்பு வெளிறிப்போகும். அதைக் கர்வில் சரிசெய்யப் போனால் ஒரு வாரம் போய்விடும். படத்தை விநாடிக்கு 24 ஃப்ரேமிலேயே அனுப்புங்கள். எச்டிஎம்ஐ 2.0-இல் 4கே 60 ஃப்ரேம் ஆர்ஜிபி 8 பிட்டோடு நின்றுவிடும். அந்த 8 பிட்டில் நடுப்பகுதியை இவ்வளவு தூக்கினால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

கேட்டவர்

அண்ணா, ரேஞ்ச் சரியாகத்தான் இருந்தது. 3 மணி நேரம் உட்கார்ந்து போட்டேன். முகம் வந்துவிட்டது! மரத்தில் இலை இலையாகத் தெரிகிறது. ஆனால் இரவுக் காட்சிகளில் கறுப்பு புகை மூட்டமாக இருக்கிறது. கீழே இருக்கும் புள்ளிகளையும் கொஞ்சம் ஏற்றியிருந்தேன், அதனாலா?

பதில் 1

அதனாலேதான். படம் மங்கல் என்றதும் எல்லோருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். கணக்கைப் பாருங்கள். 30% சிக்னல் 10 நிட். காமா 2.2 அங்கே தானாகவே 13 லக்ஸ் தருகிறது, நமக்கு வேண்டியது 14. தொடவே தேவையில்லை. 15% சிக்னல் 1 நிட். அங்கே காமா 2.2 தருவது 0.9 நிட், நமக்கு 0.5 போதும். அதாவது கீழ்ப்புள்ளியை இறக்க வேண்டும். முப்பதுக்கு மேலே ஏற்றம், கீழே இறக்கம்.

இந்த ஆழத்தில் லக்ஸ் மீட்டரை நம்பாதீர்கள். அறையை முழுக்க இருட்டாக்கி, கண் பழகப் பத்து நிமிடம் விட்டு, கறுப்புச் சட்டையோ கருங்கூந்தலோ இருக்கிற இருட்டுக் காட்சியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். மடிப்பு மறைகிற வரை இறக்கி, ஒரு படி மேலே வாருங்கள்.

பதில் 3

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இந்த மாதிரி கர்வ் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அழுத்துகிறது. அதனால் ஆரஞ்சுத் தீ மஞ்சளாகத் தெரியும். கணினியிலிருந்து படம் போடுபவராக இருந்தால் எம்பிவி ப்ளேயர் என்ற மென்பொருளில் டோன் மேப்பிங்கை (வெளிச்சத்தைத் திரைக்கேற்ப அழுத்துவது) முடித்து எஸ்டிஆராக அனுப்பிவிடலாம். காட்சிக்குக் காட்சி உச்ச வெளிச்சத்தை அளந்து அதுவே கர்வை மாற்றிக்கொள்ளும். டார்கெட் பீக்கை (திரையின் உச்சம் எத்தனை நிட் என்று சொல்லும் அமைப்பு) 203-லிருந்து 100 பக்கம் இறக்கினால் படம் வெளிச்சமாகும், மேல்பகுதி கூடுதலாக அழுந்தும். என் வீட்டில் இதுதான். வட்டு ப்ளேயர் மட்டும்தான் என்றால் உங்கள் வழியே சரி.

கேட்டவர்

வட்டு ப்ளேயர் மட்டும்தான். தீயில் அந்த மஞ்சள் தெரியத்தான் செய்கிறது, பொறுத்துக்கொள்கிறேன். 15% புள்ளியை 5 படி இறக்கியதும் கறுப்பு அடங்கியது. ஆனால் பாட்டியின் கொண்டை ஒரே கறுப்புத் துண்டானது. 2 படி ஏற்றினேன், முடி பிரிந்து வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று: 4000 நிட்டுக்கு மாஸ்டர் செய்த படத்தில் மேகமெல்லாம் வெள்ளையாகிறது. அதற்குத் தனிக் கர்வ் வேண்டுமா?

பதில் 1

வேண்டும். இரண்டாவது மெமரியில் போட்டு வையுங்கள். 4000 நிட் என்பது 90% சிக்னல், அங்கேதான் 188-ஐத் தொட வேண்டும். 75%-இல் 170, 58%-இல் 115 போதும். முகம் சற்று இறங்கும், மேகம் திரும்பி வரும். வட்டின் மெட்டாடேட்டாவை (படத்தோடு வரும் விவரக் குறிப்பு) பார்த்து மெமரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் படத்தின் உச்ச வெளிச்சத்தைச் சொல்லும் மேக்ஸ் சிஎல்எல் பல வட்டுகளில் 0 என்றே இருக்கும். மேகம் கரைந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

லேம்ப் இன்னும் 200 மணி நேரம் ஓடியதும் 188-ஐ மறுபடி அளந்து பாருங்கள். 160-க்குக் கீழே போயிருந்தால் எல்லா லக்ஸ் இலக்கையும் அதே விகிதத்தில் குறைத்துவிட்டு இங்கே சொல்லுங்கள், நடுப்பகுதியை எவ்வளவு தூக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.