டாக்கிங்: 'இணைப்பு' போதவில்லை, 'பூட்டல்' என்று வைத்தால் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

டாக்கிங், அதாவது விண்வெளியில் இரண்டு கலங்கள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று சேர்வது, இதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு 'இணைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம், நாளிதழ்கள் எல்லாம் அப்படித்தான் எழுதுகின்றன, இதற்குப் போய் ஏன் இத்தனை மடல் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோவின் டாக்கிங் சோதனைத் திட்டமான ஸ்பேடெக்ஸ் பற்றி நாலு பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது.

அந்தத் திட்டத்தில் நடந்தது என்ன? 2024 டிசம்பர் 30 அன்று இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி60 ஏவப்பட்டது. ஒவ்வொன்றும் 220 கிலோ அளவிலான இரண்டு கலங்கள் அதில் போயின. ஒன்று துரத்தும் கலம், மற்றொன்று இலக்குக் கலம். இரண்டும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே தங்களுக்குள் வானொலி வழியாகப் பேசிக்கொள்ளும், யார் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும். அதையும் நாம் 'கலங்களுக்கிடையேயான இணைப்பு' என்றுதான் எழுதுகிறோம். அப்புறம் 2025 ஜனவரி 16 காலையில் அவை உடலோடு உடல் சேர்ந்தன, அதுவும் இணைப்பு. ஏப்ரலில் இரண்டாவது முறை சேர்ந்தபோது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் போனது, அது மின் இணைப்பு. என் கட்டுரையில் ஒரு வாக்கியம் இப்படி வந்து நின்றது: "இணைப்பு கிடைத்த பின் இணைப்பு நடந்தது, இணைப்புக்குப் பின் மின் இணைப்பு சோதிக்கப்பட்டது." படித்துப் பார்த்த என் மகள் எது எது என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கே ஒரு நிமிடம் ஆனது. பொதுச்சொல்லாக இணைப்பு நல்ல சொல்தான், செய்தித் தலைப்புக்குப் போதும். பொறியியல் எழுதப் போதாது.

சரி, இங்கே வந்த மற்ற சொற்களைப் பார்க்கலாம். 'துறைசேர்தல்' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். டாக் என்றால் கப்பல் துறை, ஆகவே துறைசேர்தல் என்பது அவர் வாதம். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துறை என்றால் அசையாமல் நிற்கும் கரை, கலம்தான் அதைத் தேடி வரும். இங்கே கரையே கிடையாது. ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டுமே நொடிக்கு ஏறக்குறைய 7.6 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டத்துக்குள்ளேயே ஒன்றை ஒன்று நெருங்கிய வேகம் நொடிக்கு சில மில்லிமீட்டர் கணக்கு, வடிவமைப்பில் சொன்னது 10 மில்லிமீட்டர் அளவு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தொடக்கக் காலக் கலங்களில் ஒரு பக்கம் கூர்முனை, மறுபக்கம் அது நுழையும் கூம்புக்குழி, அதாவது வருகிறவர் யார், இடம் கொடுக்கிறவர் யார் என்பது முன்கூட்டியே முடிவு. 1975 ஜூலையில் அப்பல்லோவும் சோயுஸும் சேர்ந்தபோது அமெரிக்கர்களும் சோவியத்துகளும் உட்கார்ந்து பேசி, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற அமைப்பைச் செய்தார்கள். எந்தப் பக்கமும் முனைந்து பிடிக்கலாம், எந்தப் பக்கமும் அமைதியாக நிற்கலாம். ஸ்பேடெக்ஸிலும் அதே கொள்கைதான், இரண்டு கலத்திலும் ஒரே வகையான 450 மில்லிமீட்டர் வளையம். பொறியாளர்கள் வேலை மெனக்கெட்டு நீக்கிய ஒரு வேறுபாட்டை நம் சொல் மறுபடி உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து.

'அணைதல்' எனக்கு மிகப் பிடித்த சொல். கலம் கரை அணைந்தது என்போம், அணைப்பு என்றால் தழுவலும் கூட. ஆனால் "விண்கலம் அணைந்தது" என்று எழுதிப் பாருங்கள், விளக்கு அணைந்த மாதிரி, கலம் செத்துப்போன மாதிரி ஒலிக்கிறது. வேதியியல் பாடத்தில் அணைவுச் சேர்மம் என்று வேறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 'மாட்டல்' என்றால் "கலம் மாட்டிக்கொண்டது" என்று வரும், அதற்கு அர்த்தமே வேறு.

யாழ்ப்பாணத்து அக்கா 'கொழுவல்' என்று எழுதியிருந்தார். சட்டையைக் கொழுவி வை, கொக்கியில் கொழுவு என்று அங்கே தினமும் புழங்கும் வினை, கொக்கிகள் ஒன்றை ஒன்று பிடிக்கும் செயலுக்கு அப்படியே பொருந்துகிறது. அக்கா, ஒரே ஒரு தயக்கம். உங்கள் ஊரில் கொழுவல் என்றால் சண்டை என்றும் பொருள் உண்டு அல்லவா? "இரண்டு நாடுகளின் கலங்கள் கொழுவிக்கொண்டன" என்று வந்தால் அங்குள்ள பிள்ளை என்ன நினைக்கும்? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு அந்தக் காது இல்லை.

இத்தனையையும் ஒதுக்கிவிட்டு நான் கேட்டுக்கொண்ட கேள்வி, இதற்கு எதிர்ச்சொல் என்ன என்பதுதான். டாக்கிங் என்று ஒன்று இருந்தால் அன்டாக்கிங் என்று ஒன்று கட்டாயம் வரும். ஸ்பேடெக்ஸ் கலங்கள் 2025 மார்ச் 13 அன்று பிரிந்தன, அது கோளாறு இல்லை, திட்டமிட்டுச் செய்த சோதனை. 'பிரிந்தன', 'துண்டிக்கப்பட்டன' என்று செய்தி எழுதினால் ஏதோ உடைந்துபோனது போலத்தான் தோன்றும். ராக்கெட்டில் அடுக்குப் பிரிவதையும் பிரிதல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது ஒரு முறை போனால் போனதுதான், திரும்பிச் சேராது. கட்டியதைக் கையால் விடுவிப்பது என்கிற பொருள் வேண்டும், நாளைக்கு மறுபடி கட்டலாம் என்கிற பொருளும் உள்ளே இருக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் எனக்குத் தாத்தாவின் வண்டி ஞாபகம் வந்தது. வண்டி பூட்டுவது என்றால் எங்கள் ஊரில் இப்படித்தான்: தாத்தா நுகத்தடியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பார், நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பார், மாடு கழுத்தைத் தாழ்த்தி அதுவாகவே அடியில் வந்து நிற்கும். பூட்டாங்கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முதலில் தளர்வாக மாட்டுவார். மாடு ஒரு அடி முன்னே பின்னே வைத்துச் சரியாக நின்ற பிறகுதான் கயிற்றை இழுத்து இறுக்குவார். முதலிலேயே இறுக்கினால் மாடு திமிறும், நுகம் கோணிப்போகும். சாயந்திரம் வந்ததும் "மாட்டை அவிழ்த்து விடு" என்பார். பூட்டுவது, அவிழ்ப்பது. மறுநாள் காலை திரும்பப் பூட்டுவது.

இப்போது ஜனவரி 16 அன்று நடந்ததை இதன் பக்கத்தில் வையுங்கள். கலங்கள் 15 மீட்டரில் நின்றன, அப்புறம் 3 மீட்டருக்கு வந்தன. (நாலு நாள் முன்பு 12ஆம் தேதி இதே 3 மீட்டர் வரை வந்து பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பின்வாங்கியிருந்தன. மாடும் சில நாள் அப்படித்தான், கிட்டே வந்துவிட்டு விலகும்.) அடுத்து ஒன்றை ஒன்று தொட்டுப் பிடித்தன, பிறகு வளையம் உள்ளே இழுக்கப்பட்டது, கடைசியாக அசையாதபடி இறுக்கப்பட்டது. இஸ்ரோவும் இந்த மூன்று படிகளைத் தனித்தனியாகவே அறிவித்தது. பற்றல், இழுத்தல், இறுக்கல். மூன்றும் சேர்ந்தால் பூட்டல். தளர்வாகப் பிடித்து, ஆட்டம் அடங்க விட்டு, பிறகு இறுக்குகிற அந்த முறை விண்வெளியிலும் அப்படியே இருக்கிறது. மோதிய வேகத்தில் கலம் துள்ளிவிடக் கூடாது என்பதுதான் அங்கேயும் காரணம்.

ஆகவே என் முன்மொழிவு: டாக்கிங் என்பது பூட்டல், அன்டாக்கிங் என்பது அவிழ்த்தல். சேரும் இடம் பூட்டுவாய், அதிலுள்ள வளையம் பூட்டுவளையம். இருபுறமும் ஒரே மாதிரி இருக்கிற அமைப்பை 'இருபால்' என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு 'ஒத்தமுகப் பூட்டுவாய்' தெளிவாகப் படுகிறது.

'பூட்டு' என்றால் திண்டுக்கல் பூட்டுதானே நினைவுக்கு வரும் என்பீர்கள். உண்மை, "விண்கலம் பூட்டப்பட்டது" என்று எழுதினால் கதவைச் சாத்தியது போலத்தான் இருக்கும். அதனால்தான் பெயராகப் 'பூட்டு' என்று வைக்காமல் 'பூட்டல்' என்கிறேன், வினையில் இரண்டு கலத்தையும் கூடவே சொல்ல வேண்டும் என்கிறேன். "கலங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன." இதில் எனக்கு எந்தக் குழப்பமும் தெரியவில்லை. தவிர, கதவுப் பூட்டு இந்தச் சொல்லின் ஒரு பயன்பாடு மட்டும்தான். ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், கல்யாணப் பெண்ணுக்கு நகை பூட்டுகிறோம், தோள்பூட்டு விலகிவிட்டது என்று வைத்தியரிடம் போகிறோம்.

ஒரு பழைய நிகழ்வை வைத்தும் எழுதிப் பார்த்தேன். 1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8 கலத்தை ஏஜீனா என்ற ஆளில்லாக் கலத்தோடு பூட்டினார்கள், விண்வெளியில் அதுதான் முதல் பூட்டல். சிறிது நேரத்தில் இரண்டும் சேர்ந்தபடியே சுழல ஆரம்பித்தன. ஏஜீனாவில்தான் கோளாறு என்று எண்ணி ஆம்ஸ்ட்ராங் அவிழ்த்தார். அவிழ்த்ததும் சுழற்சி இன்னும் வேகமானது, நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குப் போனது, ஏனென்றால் கோளாறு ஜெமினியின் உந்துபொறி ஒன்றில்தான் இருந்தது, கூட இருந்த பாரமும் போய்விட்டதால் கலம் இன்னும் எளிதாகச் சுழன்றது. இதில் 'அவிழ்த்தார்' என்ற இடத்தில் 'பிரித்தார்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், ஒருவர் யோசித்து எடுத்த முடிவு என்பது மங்கிவிடுகிறது.

நெருங்கி வருவதற்கு மட்டும் 'அணுகல்' போதும் என்று நினைக்கிறேன். 1965 டிசம்பரில் ஜெமினி 6ஏ கலமும் ஜெமினி 7 கலமும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரை வந்தன, ஆனால் பூட்டிக்கொள்ள அவற்றில் அமைப்பே இல்லை. அணுகல் உண்டு, பூட்டல் இல்லை. இந்த வேறுபாட்டை 'இணைப்பு' வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

எனக்கு விடை கிடைக்காதது பெர்த்திங். 2012 மே மாதம் டிராகன் சரக்குக் கலம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அதுவாகப் போய்ச் சேரவில்லை, பக்கத்தில் வந்து நின்றது. நிலையத்தின் 17 மீட்டர் நீள இயந்திரக் கை அதை எட்டிப் பிடித்துக் கொண்டுவந்து பொருத்தியது. ஆட்களை ஏற்றிச் செல்லும் இப்போதைய டிராகன் தானே போய்ப் பூட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட மனம் வரவில்லை. 'ஏந்திப் பொருத்தல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், நீளமாக இருக்கிறது, வினையாக எழுதும்போது பரவாயில்லை, பெயராக வரும்போது இடறுகிறது. இயந்திரப் பட்டறையிலோ துறைமுகத்திலோ வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால், கிரேனால் தூக்கி அதன் இடத்தில் உட்கார வைப்பதற்கு உங்கள் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அக்கா, உங்கள் பக்கம் மாட்டு வண்டிலுக்குப் 'பூட்டு' என்று சொல்வது உண்டா, இல்லை வேறு சொல்லா?